முதலாளியின் நாற்பத்தொரு நிமிடம்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி நான் வேலை பார்க்கும் தேங்காய் எண்ணெய் மில்லில் மிஞ்சியது. புத்தாண்டுக்கு எண்ணெய் வியாபாரிகளுக்குக் கொடுத்ததுபோக ஒரு கட்டு கிடந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் முருகன், அடுத்த பக்கத்தில் முதலாளி சென்னியப்பன். முருகனைவிட முதலாளி பெரிதாக இருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உழைப்பைப் பற்றி ஒரு பொன்மொழி. அதைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்று எல்லோருக்கும் பனியன் கொடுத்தார்கள். மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாம். ‘சிறுநீரகம் காக்க ஓடுவோம்.’ பத்து கிலோமீட்டர். நடத்துவது முதலாளி தலைவராக இருக்கும் நிறைகுடம் அறக்கட்டளை. சேருகிற நன்கொடை தாராபுரம் ரோட்டில் அவர்கள் நடத்தும் இலவச டயாலிசிஸ் மையத்துக்கு. விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஓடலாம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் யார் யார் என்று எழுதித் தரும்படி மேனேஜர் தங்கராசு அண்ணனிடம் சொல்லியிருக்கிறது.

களத்தில் நாள் முழுக்க வெயிலில் கொப்பரை கிளறும் பெண்களை வரிசையில் நிற்கவைத்து, உடற்பயிற்சி ஏன் அவசியம் என்று ஒரு ஆள் அரைமணி நேரம் பேசினான். காரில் வந்தவன். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவனால் நடக்க முடியவில்லை.

அவர்களில் ஒருவரான ராமாத்தாக்கா பனியனை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் மேனேஜரே, இதுக்குப் பதுலா ஒரு நைட்டி குடுத்தா ஆவாதுங்களா?”

தங்கராசு அண்ணன் சிரிக்கவில்லை. ராமாத்தாக்கா பெயரை எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும். நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரை பஸ்ஸில் காங்கயத்திலிருந்து திருப்பூர் பெரியாஸ்பத்திரி. நாலு மணி நேரம் மிஷினில். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொள்வார், வாந்தி வருமோ என்று ஒரு கையால் பாலிதீன் பையைப் பிடித்தபடி. அம்மாவுக்கு வயது நாற்பத்தேழு. பார்க்கிறவர்கள் பாட்டியா என்று கேட்கிறார்கள்.

அறக்கட்டளையின் மையம் எங்கள் லைன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆறு மிஷின். எல்லா ஷிப்டும் நிரம்பியிருக்கிறது. குணமாகி வெளியே போகிற நோய் இல்லை இது. ஒருவர் செத்தால்தான் ஒருவருக்கு இடம். காத்திருப்போர் பட்டியலை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அம்மா நாலாவது. முதல் பெயர் மாரப்பன்.

மாரப்பன் அண்ணன் எங்களோடு அதே பஸ்ஸில் வருகிறவர். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், இப்போது முடியவில்லை. கூட அவர் மனைவி பூங்கொடி அக்கா. வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். நான் வேலைக்குப் போகவேண்டிய நாட்களில் அவர்தான் அம்மாவையும் பிடித்து ஏற்றி இறக்குகிறார்.

இன்று பஸ் கிளம்பும்போது பூங்கொடி அக்கா ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கண்ணீர் அஞ்சலி ஒண்ணு புதுசா ஒட்டியிருக்குது. வயசு அம்பத்தொம்பது. நம்ம சென்டர் ஆளான்னு தெரியல.”

“வாய மூடு புள்ள. ஒருத்தரு சாவுல போயி,” என்றார் அம்மா.

“நான் சாவச் சொல்லலீங்கக்கா. செத்தவியளத்தான் பாக்கறேன்.”

மாரப்பன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “இவ காலைல பேப்பர் படிக்க மாட்டா. செவுத்தத்தான் படிப்பா.”

எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

படியூர் தாண்டி அம்மா வாந்தி. சேலையை அலசிப் போட்டேன். நடத்துனர் எதுவும் சொல்லவில்லை, மண் மட்டும் போட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சிவன்மலைக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. ஒரு ஆளிடம் அம்மாவுக்கு சீட் கேட்டேன். காவி கட்டியிருந்தான். மலை வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தான்.

பட்டியலில் இன்னும் நாலாவது.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் வேலைக்குப் போனதும் முதலாளி கூப்பிட்டார். பில் போடுகிற பையனை முதலாளி கூப்பிடுகிற வழக்கமில்லை. தங்கராசு அண்ணனும் இருந்தார், கதவைச் சாத்தினார். மேஜைமேல் நான் வேலைக்குச் சேரும்போது கொடுத்த காகிதங்கள். காலேஜில் ஐயாயிரம் மீட்டர் ஓடி வாங்கிய சான்றிதழ் மேலே இருந்தது.

“இப்பவும் ஓடறயா?”

“இல்லீங்க. விட்டு மூணு வருசமாச்சுங்க.”

“காலு இருக்குதில்ல?” என்றார் தங்கராசு அண்ணன்.

விஷயம் இதுதான். அறக்கட்டளைக் கூட்டத்தில், பெட்ரோல் பங்க்காரர் ஒருவர் தன் வயதுக்கு நடப்பதே பெரிது என்றிருக்கிறார். உடனே எங்கள் முதலாளி எழுந்து, ஐம்பத்தாறு வயதில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டுகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஃப்ளெக்ஸிலும் போட்டாகிவிட்டது. இவருக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி பிடிக்கும்.

ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையின் பின்னால் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கும். தரையில் விரித்திருக்கும் பாயை மிதித்தால் அந்தப் பட்டையை வைத்து நேரம் பதிவாகும். யார் கால் மிதித்தது என்று பாய்க்குத் தெரியாது. முதலாளியின் பட்டையைப் பிரித்து என் அட்டையின் பின்னால் ஒட்டிக்கொண்டு நான் ஓட வேண்டும். அவர் கொடியசைக்கும்போது போட்டோவுக்கு நிற்பார். கடைசி நூறு மீட்டரில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்.

“அம்பத்தேழு, அம்பத்தெட்டு நிமிசத்துல வந்தாப் போதும். அதுக்கு முன்னால வரக்கூடாது. நம்பறாப்பல இருக்கோணும்,” என்றார் முதலாளி. பிறகு சான்றிதழை என் பக்கம் தள்ளியபடி, “உங்கம்மா பேரு லிஸ்டுல எத்தனாவது?”

“நாலாவதுங்க.”

“நம்பருங்கறது நாம எழுதறதுதானே.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, சனி

நேற்று கடைசி வரி பொய். உடனே சரிங்க என்றேன். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

காலை ஐந்து மணிக்குப் பழையகோட்டை ரோட்டில் ஓட்டம். பழைய ஷூ, இடது பக்கம் வாய் பிளந்திருக்கிறது. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டினேன். ஐந்து கிலோமீட்டரில் விலா பிடித்தது. நாய்கள்.

அம்மா கேட்டார், எங்கடா போயிட்டு வர்ற என்று. மில்லில் எல்லோரையும் ஓடச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை.

பிப்ரவரி 22, சனி

பத்து கிலோமீட்டர், 47.20. ஐம்பத்தெட்டுக்கு இது தேவையே இல்லை. சும்மா பார்த்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பஸ்ஸில் பூங்கொடி அக்கா சொன்னார், அறக்கட்டளையிலிருந்து போன் வந்ததாம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற குடும்பங்கள் ஓட்டத்தன்று வந்து ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். முடிந்தால் நோயாளியும் வரலாம், அட்டை பிடித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கு ஒரு உணர்வு வரும் என்றார்களாம்.

“போவலீன்னா பேர அடிச்சுப்போடுவாங்களோ?” என்றார் பூங்கொடி அக்கா.

“எனக்கே ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான் தண்ணி,” என்றார் மாரப்பன் அண்ணன். “அதுலயும் மாத்திரைக்கு ஒரு டம்ளர் போயிருது. என்னைய நிக்க வெச்சு ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தச் சொல்றான் பாரு. யோசன பண்ணுனவன் கையக் குடு.”

அம்மா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. எங்களுக்கு அந்தப் போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

43.05.

மார்ச் 8, சனி

நம்பர் அட்டைகள் வந்துவிட்டன. முதலாளிக்கு 1. எனக்கு 412. தங்கராசு அண்ணன் ஆபீஸ் ரூமில் பிளேடால் பட்டையைப் பிரித்து என் அட்டையின் பின்னால் வைத்து செல்லோ டேப் போட்டார். டாக்டர் தையல் போடுவதுபோல அவ்வளவு கவனம். பதினெட்டு வருஷம் இந்த ஆளிடம் வேலை பார்த்தால் நானும் இப்படித்தான் ஆவேன்.

“ரெண்டு பேரச் சுமந்துட்டு ஓடற. பாத்து,” என்றார். “அம்பத்தஞ்சுக்கு முன்னால வந்தே, தொலைஞ்சே.”

ராத்திரி அம்மா கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்து மேலே வர நேரமாகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். தப்பு என்னுடையது.

ஐந்தரைக்கே பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. எண்ணூறு பேர் இருக்கும். பாதிப் பேர் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காரில் வந்தவர்கள். கையில் கடிகாரம், முழங்காலில் பட்டை, இடுப்பில் சின்னச் சின்ன பாட்டில்கள். ஒரு பெண் மேடையில் பாட்டுப் போட்டு ஆடச் சொன்னாள், எல்லோரும் கையைத் தூக்கி ஆடினார்கள். எங்கள் மில் பெண்கள் மூலையில் சேலைமேல் பனியன் போட்டு நின்றார்கள். ராமாத்தாக்கா எனக்குக் கையசைத்தார். இரண்டு சிறுநீரகமும் நன்றாக உள்ள எண்ணூறு பேர், ஓடிவிட்டு வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு, நல்லது செய்தோம் என்று வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஒருவனுக்கும் அந்த வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியல் தெரியாது.

முதலாளி நம்பர் 1 அட்டையோடு வந்தார். வெள்ளை ஷூ. போட்டோ எடுத்தார்கள். மைக்கில் பேசுகிறவன் “ஐம்பத்தாறு வயது இளைஞர்” என்றான். கொடியசைந்தது. முதலாளி ஐம்பது மீட்டர் ஓடினார். வளைவில் அவர் கார் நின்றிருந்தது.

நான் நிதானமாகத்தான் தொடங்கினேன். திருப்பூர் ரோட்டில் சிவன்மலை அடிவாரம் வரை ஐந்து, திரும்பி ஐந்து. முதல் ஒரு கிலோமீட்டர் கூட்டத்தோடு போனேன். மெதுவாக ஓடுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. எல்லோரும் பேசிக்கொண்டே ஓடினார்கள், மனை விலை, பிள்ளை ஸ்கூல், எந்த ஷூ நல்லது. எனக்கு முன்னால் போனவன் மூன்று தடவை நின்று தன்னையே படமெடுத்தான். அவனைத் தாண்டினேன். தாண்டியபிறகு இன்னொருவனைத் தாண்ட வேண்டியிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. ரோடு காலியாக இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் அம்மாவின் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு போகிற அதே ரோடு.

அடிவாரத்தில் பாயை மிதித்தபோது இருபது நிமிடம் ஐம்பது விநாடி. அங்கே தண்ணீர் மேஜை. பூங்கொடி அக்கா பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் மாரப்பன் அண்ணன், மடியில் ஒரு அட்டை. ‘உங்கள் ஒவ்வோர் அடியும் எங்கள் உயிர்த்துளி.’ கையில் அவருடைய சொந்தக் குட்டி பாட்டில், மார்க்கர் பேனாவால் கோடு போட்டது. முன்னால் போனவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் அவர் காலடியில் கிடந்தன. மூடி திறந்து தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அட, குணா தம்பி. முன்னாடியே வந்துட்டியே,” என்றார் பூங்கொடி அக்கா. “உடாத, ஓடு. எங்களுக்கும் சேத்து ஓடு.”

இங்கிருந்துதான் நடக்க வேண்டும் என்று திட்டம். நடக்கத் தொடங்கவும் செய்தேன். பத்தடி. அப்போது கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, வாங்கிய பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “ப்ரோ, நின்னுடாதீங்க, மைண்ட்தான் ப்ரோ எல்லாம்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனைத் துரத்தினேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை. ஏழாவது கிலோமீட்டரில் அவனைத் தாண்டினேன். தாண்டிய பிறகும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. கால் கேட்கவில்லை. மூன்று வருஷம் பில் போட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கிடந்த கால். கடைசி வளைவில் மைதானத்தின் ஸ்பீக்கர் சத்தம் கேட்டபோதுதான் நெஞ்சில் இரண்டு பட்டை இருப்பது ஞாபகம் வந்தது. அப்போதும் நிற்கலாம். ஓரமாகப் போய் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். நிற்கவில்லை.

41.12. மொத்தத்தில் நாலாவது.

பெரிய திரையில் என் பெயருக்கு மேலேயே இன்னொரு பெயர் வந்தது. 1, சென்னியப்பன், 41.12. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் முதலிடம்.

மைக்கில் பேசுகிறவன் கத்தினான். முதலாளி எங்கே, முதலாளி எங்கே. அவர் காரில் ஏசியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கராசு அண்ணன் ஓடினார். அன்றைக்கு உண்மையாக ஓடிய மில் ஆட்களில் அவரும் ஒருவர். கார்க் கதவைத் திறந்து, ஏதோ சொல்லி, முதலாளி இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார். சட்டை நனைந்ததும் வியர்வைபோல்தான் தெரிந்தது.

மேடைக்கு வரும்வரை முதலாளி முகம் வெளிறியிருந்தது. கோப்பை கைக்கு வந்ததும் சரியாகிவிட்டது. இரண்டாம் பரிசு வாங்கியவர் குண்டடம் பக்கத்துத் தபால்காரர், ஐம்பத்தொரு வயது, வெறுங்கால். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “ஐயாவ வழியில நான் பாக்கவே இல்லீங்களே?”

“நான் முன்னாடியே போயிட்டனுங்க,” என்றார் முதலாளி.

இது போதாது என்று மைக்கில் பேசுகிறவன் எங்கள் நேரத்தைப் பார்த்துவிட்டான். “முதலாளியும் தொழிலாளியும் ஒரே விநாடியில், தோளோடு தோளாக,” என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டான். முதலாளி என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். ஊரே கை தட்டியது. பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

அம்மாவிடம் நாலாவதாக வந்தேன் என்று மட்டும் சொன்னேன். “நாலாவதா?” என்றார். “எங்க போனாலும் நமக்கு அந்த நம்பருதானா?”

மார்ச் 10, திங்கள்

பேப்பரில் போட்டோ. நானும் இருக்கிறேன், பாதி முகம்.

முதலாளி கூப்பிட்டார். “அம்பத்தெட்டுன்னு சொன்னனா இல்லியா?”

“காலு நிக்கலீங்க.”

கோப்பை மேஜைமேல் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். சரி போ என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வெளியே தங்கராசு அண்ணன், “உங்கம்மா சோலிய நீயே கெடுத்துக்கிட்ட,” என்றார்.

மூன்று வாரம் ஓடியது எதற்கு? பதினேழு நிமிடத்தை என்னால் எங்கேயும் உட்கார்ந்து கழிக்க முடியவில்லை. அறிவுகெட்டவன்.

மார்ச் 12, புதன்

ஈரோட்டிலிருந்து எண்ணெய் வியாபாரிகள் வந்தார்கள். முதலாளி கோப்பையைக் காட்டினார். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும் என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் என்றார். பில் கொண்டுபோன என்னைப் பார்த்து, “சிவன்மலகிட்ட அந்த ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு. இல்ல குணசீலா?”

அவர் நடிக்கவில்லை. கண்ணைப் பார்த்தேன். நம்பிவிட்டார்.

“ஆமாங்க,” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

பஸ். மாரப்பன் அண்ணனுக்கு மூச்சு முட்டல், ஜன்னல் சீட் கொடுத்தோம். பூங்கொடி அக்கா மடியில் திங்கட்கிழமை போட்டோ வந்த அந்தப் பேப்பர், டிபன் சுற்றியது. என்னிடம் பேசவில்லை. தூக்கமாக இருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு சுவரில் புதுப் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி, வயது அறுபத்திரண்டு, தாராபுரம் ரோடு. பூங்கொடி அக்கா நின்று படித்தார். இந்த முறை அவருக்குத் தெரிந்த முகம், மையத்தில் இரண்டாவது மிஷினில் செவ்வாய் வெள்ளி படுத்திருந்தவர்.

பஸ்ஸில் ஏறியதும் பூங்கொடி அக்கா போனை ரவிக்கையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். திருப்பூர் வரும்வரை கையிலேயே இருந்தது.

“இனிமே எங்ககூட வரமாட்டீங்களாட்ட,” என்றார் அம்மா மாரப்பன் அண்ணனிடம்.

“வருவனுங்கக்கா. செவ்வாக்கெழமையானா உங்கள வந்து பாத்து, வாந்தி எடுத்தீங்களான்னு கேட்டுட்டுப் போவேன்.”

மார்ச் 20, வியாழன்

போன் எங்களுக்கு வந்தது.

தங்கராசு அண்ணன்தான். “ஐயா மனசு பெருசு. நாளைலருந்து வரச் சொல்லு. ரெண்டாவது மிஷின்.”

அம்மா நம்பவில்லை. மறுபடி போன் போட்டுக் கேள் என்றார். கேட்டேன். பிறகு சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். ஏற்றிவிட்டுத் திரும்பாமலே கேட்டார்: “மாரப்பனுக்கு?”

“அவருக்கும் வேற ஷிப்டு குடுத்திருப்பாங்க.”

“குடுத்திருப்பாங்களா, குடுத்துட்டாங்களா?”

“கேட்டுச் சொல்றேன்.”

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான் யார் பெயரையும் அடிக்கவில்லை. பட்டியல் எழுதுவது நானில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். அம்மாவின் கால் வீக்கத்தை இவர்கள் யாராவது அழுத்திப் பார்த்தார்களா?

மார்ச் 21, வெள்ளி

ஆறரை மணி வரை தூங்கினோம். வெள்ளிக்கிழமையில் இது முதல் தடவை. நடந்தே போனோம்.

ஏசி. வெள்ளை விரிப்பு. இரண்டாவது மிஷினுக்கு எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். கோப்பையோடு முதலாளி, கீழே சட்டம் போட்ட சான்றிதழ், 41.12. நாலு மணி நேரமும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும்.

“எத்தன நிமிசம் போட்டிருக்குது?”

“நாப்பத்தொண்ணு.”

“நீ எத்தன?”

“அதேதான்.”

“அவுருக்கு அம்பத்தாறு வயசு. உனக்கு இருவத்தினாலு. வெக்கமா இல்லியாடா?” என்று சிரித்தார். பிறகு தூங்கிவிட்டார். வாந்தி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

அம்மாவைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு மில்லுக்கு வந்தேன். மூன்று மணிக்கு வாட்ச்மேன் வந்து, கேட்டில் யாரோ ஒரு அம்மா நிற்கிறார் என்றார். பூங்கொடி அக்கா. திருப்பூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். மாரப்பன் அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருந்தார். கையைத் தூக்கிக் காட்டினார்.

“அம்மா சௌரியமா?”

“நல்லாருக்காங்கக்கா.”

“நல்லாருக்கட்டும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்குத் தண்ணி மேஜைல நான்தான் தம்பி கடைசி வரைக்கும் நின்னேன். ஓடி வந்தவிய மூஞ்சியெல்லாம் பாத்துக் குடுத்தேன். உங்க மொதலாளி மூஞ்சிய மட்டும் பாக்கல.”

நான் டீக்கடைப் பக்கம் பார்த்தேன்.

“பேப்பர்ல போட்டோ வந்தப்பவே தெரிஞ்சுது. பெரிய மனுசன், ஓடுனேன்னு சொல்லிக்கிட்டா நமக்கென்னன்னு உட்டுட்டேன். போன வெள்ளிக்கெழம உங்கம்மா பஸ்ஸுக்கு வரல பாரு, அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது.”

“அக்கா, நான் வந்து…”

“உன்னையக் குத்தம் சொல்ல வரல. எங்கம்மாவா இருந்தா நானும் ஓடுவேன். ஆனா எனக்கு ஓட வராதே தம்பி.” குரலைத் தாழ்த்தினார். “தெக்கத் தெரியும். சமைக்கத் தெரியும். உங்க மொதலாளி செஞ்சதாச் சொல்லிக்கறாப்பல வேற ஏதாச்சும் வேல இருக்குமான்னு கேட்டுச் சொல்றயா?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். பதிலுக்காக நின்றார்.

கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 29, சனி

முதலாளியே கூப்பிட்டார். ஆகஸ்டில் கோயம்புத்தூரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பெயர் கொடுத்துவிட்டாராம். “ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்தாப் போதும். இந்தத் தடவ நிதானமாப் போலாம்,” என்றார். போலாம் என்றார். நாங்கள் இருவரும் ஓடப்போவதுபோல.

மாரப்பன் பெயரைச் சொன்னேன். பட்டியலில் முதலில் இருந்தவர் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். “ஆறு மிஷினுதான இருக்குது. எல்லாத்துலயும் ஆள் படுத்திருக்குது. யாரத் தூக்கி வெளிய போடச் சொல்ற, உங்கம்மாவயா?”

மேஜைமேல் இருந்த கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“ஒண்ணு காலியாகட்டும். மொதப் பேரா அவனத்தான் எழுதறேன். நீ ஓடற வேலையப் பாரு.”

சரிங்க என்றேன். இந்த முறையும் உடனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஐந்து மணி, திருப்பூர் ரோடு. பதினான்கு கிலோமீட்டர், 1.03.40. புது ஷூ, முதலாளி வாங்கிக் கொடுத்தது. வழியில் மூன்று போஸ்டர். இருட்டில் பெயர் தெரியவில்லை, நின்று போன் வெளிச்சத்தில் படித்தேன். எழுபத்தெட்டு, முப்பத்தொன்று, அறுபத்தைந்து. மூன்றுபேரும் சென்டர் ஆட்கள் இல்லை. நின்றதில் நாற்பது விநாடி போய்விட்டது.